குடலிறக்கமும் கூலியாளின் ஓய்வும்

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள் காலை அமர்வில் ஆற்றிய உரை)

 

நம் சங்கம் தோன்றி 25 ஆண்டுகள் நிறைவெய்திய இவ்வேளையில், ‘கல்வியும் உடல்நலமும்’ என்னும் தலைப்பில் உரையாற்றுமாறு என்னைப் பணித்துள்ளனர். இது மிகப் பரந்த தலைப்பு. எல்லாவற்றையும் தொட்டுச் சென்றால் எதுவும் மனத்தில் நில்லாது. ஆதலின் ஒரே ஒரு நோயை எடுத்துக்கொள்கிறேன். அது குடலிறக்கம். ஹெர்னியா என்று மருத்துவர் கூறுவது இதனையே. தாய்மார்கள் நிறைந்த அவையில் இதனைப் பேசலாமா என்று சிலர் தயங்கக்கூடும். அந்தத் தயக்கத்தினால்தான் நம் சேரிகளில் உயிர்கள் போயின. என் தந்தையாரின் உயிரும் அவற்றுள் ஒன்று.

என் தந்தையார் நெல் மூட்டை சுமந்து எங்களை வளர்த்தவர். தொடையும் வயிறும் சேருமிடத்தில் அவர்க்கு ஒரு வீக்கம் இருந்தது. படுத்தால் உள்ளே போகும். நின்றால் வெளியே வரும். துணியைச் சுருட்டி அவ்விடத்தில் வைத்து, இறுகக் கட்டிக்கொண்டே அவர் பல ஆண்டுகள் வேலைக்குச் சென்றார். என் தாயாரைத் தவிர வேறு எவரும் அதனை அறியார். ஊரில் அந்நோய் உடையவரைக் கேலிப் பெயரிட்டு அழைப்பது வழக்கமாக இருந்தது. அது ஒரு காரணம். ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போய்விடும் என்பது மற்றொரு காரணம். மூன்றாவதாக ஒரு காரணமும் உண்டு. அவர் இளைஞராயிருந்த காலத்தில் ஒரு மருந்தகத்தில், மருந்தினை எட்ட நின்று அவர் கொண்டுசென்ற குப்பியில் ஊற்றினரேயன்றி, அவர் உடம்பைத் தொட்டுப் பார்க்கவில்லை. குடலிறக்கமோ மருத்துவர் தொட்டு, இருமச் சொல்லி, விரலால் உணர்ந்து அறிய வேண்டிய நோய். தம்மைத் தொடுவார்களா என்னும் ஐயம் அவரை இறுதி வரையில் விட்டகலவில்லை.

1987ஆம் ஆண்டு அறுவடைக் காலத்தில் ஒரு நாள் மாலை, வெளியே வந்த வீக்கம் திரும்ப உள்ளே போகவில்லை. கல்போல் இறுகிற்று. இரவெல்லாம் வாந்தி. விளக்கெண்ணெய் தடவினர், செங்கல்லைச் சூடாக்கித் துணியில் சுற்றி ஒற்றடம் கொடுத்தனர். விடிந்தபின் வண்டி கட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது குடலின் ஒரு பகுதி கறுத்து அழுகிவிட்டது என்றனர். மூன்றாம் நாள் அவர் காலமானார். அப்பொழுது நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவன். குடலைப் பற்றித் தேர்வில் ஒரு பக்கம் எழுதக்கூடிய நான், என் வீட்டில் என் தந்தையார்க்கு இருந்த நோயின் பெயரைக்கூட அறியாதிருந்தேன்.

இனி இந்நோய் யாதெனப் பார்ப்போம். மிதிவண்டிச் சக்கரத்தை எண்ணிக்கொள்ளுங்கள். டயர் ஓரிடத்தில் தேய்ந்து கிழிந்தால், உள்ளிருக்கும் டியூப் அவ்வழியே பிதுங்கும். நம் வயிற்றின் சுவர் டயர் என்றால், உள்ளே இருக்கும் குடலும் கொழுப்பும் டியூப். சுவரில் வலுக்குறைந்த இடம் ஒன்று ஏற்பட்டு, அதன் வழியே உள்ளிருப்பது பிதுங்குவதே குடலிறக்கம். பெரும்பாலும் இது தொடையிடுக்கின் மேற்பகுதியில் வரும். தொப்புளிலும் வரலாம். முன்பு அறுவை செய்த தழும்பின் வழியாகவும் வரலாம். பிள்ளைப் பேற்றுக்காகவோ பிற காரணத்துக்காகவோ வயிற்றில் அறுவை செய்துகொண்ட தாய்மார்கள் இதனை நினைவிற் கொள்ள வேண்டும்.

பிறவியிலேயே அமைந்த வலுக்குறை, முதுமை, நாட்பட்ட இருமல், புகைபிடித்தல், மலச்சிக்கலால் முக்குதல், சிறுநீர் கழிக்கத் திணறுதல், பெருஞ்சுமை தூக்குதல் ஆகியவை இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. ஒழுக்கக் கேட்டால் வருவதன்று. ஒருவரிடமிருந்து ஒருவர்க்குத் தொற்றுவதுமன்று. ஆண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர்க்கு வாழ்நாளில் தொடையிடுக்குக் குடலிறக்கம் வரக்கூடும் என்கின்றனர். உலகெங்கும் ஆண்டுதோறும் சுமார் 2 கோடிப் பேர் இதற்கு அறுவை செய்துகொள்கின்றனர். இத்துணைப் பேர்க்கு வரும் நோயில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

விரையில் நீர் கோத்து வீங்குவதை ஓதம் என்பர். அது வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றாகக் கருதித் தைலம் தடவிக்கொண்டு காலம் கடத்துவோர் உளர். எந்தத் தைலமும் கிழிந்த சுவரைத் தைக்காது. கடைகளில் விற்கும் இடுப்புப் பட்டை வீக்கத்தைச் சிறிது நேரம் தடுத்து நிறுத்துமேயன்றி நோயைப் போக்காது. குழந்தைகளுக்குத் தொப்புள் பிதுங்கியிருந்தால் பெரும்பாலும் நான்கைந்து வயதுக்குள் தானே மூடிக்கொள்ளும். காசு வைத்துக் கட்டுவதால் பயனில்லை. ஆனால் குழந்தையின் தொடையிடுக்கில் வீக்கம் வந்து வந்து மறைந்தால் அது தானே சரியாகாது. காலந்தாழ்த்தாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இப்பொழுது நான் கூறப்போவதை மாணவர்கள் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டுகிறேன். வழக்கமாக உள்ளே போகும் வீக்கம் போகாமல் இறுகுதல், தொட முடியாத வலி, வாந்தி, வயிறு உப்புதல், மலமும் காற்றும் வெளியேறாமை, வீக்கத்தின் மேல் தோல் சிவத்தல் அல்லது கருத்தல். இவை தோன்றினால் குடல் நெரிபட்டு, அதற்குச் செல்லும் இரத்தம் நின்றுபோகிறது என்று பொருள். சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கும். வீக்கத்தை அழுத்தி உள்ளே தள்ள முயலக் கூடாது. ஒற்றடம் கூடாது. சோறும் நீரும் கொடுக்கக் கூடாது. விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது. 1987இல் எங்களுக்கு வண்டி மாடே துணை. 2008ஆம் ஆண்டு முதல் நம் மாநிலத்தில் 108 ஆம்புலன்சு இருக்கிறது. அதற்குக் கட்டணம் இல்லை. நள்ளிரவாயினும் அழையுங்கள்.

அப்படியானால் வீக்கம் கண்டவர் யாவரும் மறுநாளே அறுவைக்குப் படுக்க வேண்டுமா? அப்படியில்லை. வலியோ இடையூறோ இல்லாத ஆண்கள், மருத்துவரின் கண்காணிப்பில் காத்திருக்கலாம் என்பதை 2006ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. அவ்வாறு காத்திருந்தவர்களுள், ஆயிரம் பேரில் ஓராண்டுக்கு ஏறத்தாழ இருவர்க்கே திடீர் ஆபத்து நேர்ந்தது. எனினும் பத்தாண்டுகளுக்குள் அவர்களில் பெரும்பாலோர் வலி மிகுந்து அறுவைக்கே வந்தனர். பெண்களுக்குத் தொடையிடுக்கில் வரும் குடலிறக்கம் நெரிபடும் வாய்ப்பு மிகுதியாதலால், அவர்கள் காத்திருத்தல் தகாது. மருத்துவர் பார்த்து, ‘காத்திருக்கலாம்’ என்று கூறியபின் காத்திருப்பது அறிவுடைமை. எவரிடமும் காட்டாமல் துணியால் கட்டிக்கொண்டு திரிவது காத்திருத்தல் ஆகாது. அதன் பெயர் மறைத்தல்.

மறைப்போரைக் குறைகூறும் தகுதி எனக்கு இல்லை. இளங்கலைப் பட்டமும் கல்வியியல் பட்டமும் பெற்று, முப்பதாண்டுக்காலம் பிறர் பிள்ளைகளுக்கு அறிவு புகட்டி வரும் நானும் மறைத்தேன். 2019ஆம் ஆண்டு எனக்கும் அதே இடத்தில் வீக்கம் தோன்றிற்று. தந்தையாரின் முடிவை அறிந்திருந்தும் எட்டு மாதங்கள் வாய் திறக்கவில்லை. கரும்பலகையில் எழுதும்போது ஒரு கையால் வேட்டியின் மேல் அழுத்திக்கொள்வேன். இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை வாங்க அரசு மருத்துவமனைக்குச் சென்ற ஒரு நாள், அங்குப் பணியாற்றும் செவிலியர் ஒருவர் என்னைப் பார்த்தார். அவர் நம் சங்கத்தின் மாலை வகுப்பில் படித்த பெண், என் மாணவி. “ஐயா, எத்தனை மாதமாய் இப்படிப் பிடித்துக்கொண்டு நடக்கிறீர்கள்?” என்று கேட்டார். ஒன்றுமில்லை அம்மா என்றேன். “ஐயா, நான் உங்கள் மகளைப் போன்றவள். இன்றைக்கே அறுவை மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும்” என்று கூறி, எனக்கு முன்னே நடந்து சென்று சீட்டு வாங்கித் தந்தார். மருத்துவர் தொட்டுப் பார்த்தார், இருமச் சொன்னார். இரண்டு நிமிடத்தில் முடிந்தது. அந்த இரண்டு நிமிடத்துக்கு அஞ்சியே நான் எட்டு மாதம் வலி பொறுத்தேன். என் தந்தையார் உயிரையே கொடுத்தார்.

அறுவை எப்படி நடைபெறும் என்பதையும் அறிந்துகொள்வோம். தெரியாததே அச்சத்தைத் தரும். முதலில் இரத்தம், சிறுநீர், மார்புப் படம், இதயத் துடிப்பின் வரைபடம் ஆகியவற்றைப் பார்ப்பர். சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா இருப்பின் மறைக்காமல் கூற வேண்டும். உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும், முக்கியமாக இரத்தம் உறையாதிருக்கக் கொடுக்கும் ஆஸ்பிரின் போன்றவற்றைக் காட்ட வேண்டும். பீடி, சிகரெட்டைச் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்துதல் நலம். பிறகு ஒப்புதல் படிவம் ஒன்றைத் தருவார்கள். நம்மவர் பலர் அதனைப் பாராமலே கைநாட்டு வைத்தனர். இன்றும் படித்தவர்கள்கூடப் படிக்காமல் கையொப்பமிடுகின்றனர். அப்படிச் செய்யாதீர். எந்தப் பக்கம் அறுவை, எவ்வகை மயக்கம், வலை வைப்பார்களா, என்ன இடையூறு நேரலாம் என்று கேளுங்கள். கேட்பது நம் உரிமை. எழுதப் படிக்கக் கற்றதன் பயன்களுள் இதுவும் ஒன்று.

அறுவைக்கு முன் இத்தனை மணி முதல் உண்ணக் கூடாது, நீரும் அருந்தக் கூடாது என்று சொல்வார்கள். அதனை அப்படியே கடைப்பிடிக்க வேண்டும். ஒரு வாய் காப்பிதானே என்று குடித்துவிட்டால் அறுவை தள்ளிப்போகும், அல்லது மயக்க நிலையில் ஆபத்து விளையும். பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வர். நினைவு இருக்கும், வலி இராது. எனக்கு மருத்துவர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

மருத்துவர் தொடையிடுக்கின் மேலே இரண்டு மூன்று அங்குலம் கீறி, பிதுங்கியதை உள்ளே தள்ளி, வலுக்குறைந்த இடத்தைச் சீர்செய்வார். இத்தாலி நாட்டின் பசினி என்னும் மருத்துவர் 1880களில் தசையோடு தசையை இழுத்துத் தைக்கும் முறையை வகுத்தார். இழுத்துத் தைத்த இடம் சிலர்க்கு மீண்டும் விட்டுப்போயிற்று. 1980களில் அமெரிக்க மருத்துவர் லிக்டென்ஸ்டைன், தசையை இழுக்காமல் அதன்மேல் ஒரு செயற்கை வலையை வைத்துத் தைக்கும் முறையைப் பரப்பினார். டயரின் கிழிசலுக்குள் பழைய டயர்த் துண்டு ஒன்றை வைத்து மிதிவண்டிக் கடைக்காரர் ஓட்டுகிறாரே, ஏறத்தாழ அதே அறிவுதான். நாளடைவில் அவ்வலையின் கண்களுக்குள் நம் உடல் தசைநாரை வளர்த்துக்கொண்டு சுவரை வலுப்படுத்தும். மற்றொரு முறையில், மூன்று சிறு துளைகளின் வழியே கருவியைச் செலுத்தி உட்புறமாக வலையை வைப்பர். அதற்கு முழு மயக்கம் தேவை. தேறுவது சற்று விரைவாக இருக்கும். எது ஏற்றதென மருத்துவரே கூறுவார்.

இவ்வலை விலை மிகுந்திருந்த காலத்தில், மகாராட்டிர மாநிலத்தின் சிற்றூர்ப் பகுதியில் பணியாற்றிய மருத்துவர் தொங்காவ்ங்கர், கொசுவலைத் துணியைத் துப்புரவாக்கி, நுண்கிருமி நீக்கி அறுவைக்குப் பயன்படுத்தலாமெனக் காட்டினார். பின்னர் உகாண்டா நாட்டில் அத்தகைய மலிவான வலையையும் விலையுயர்ந்த வலையையும் ஒப்பிட்டு நடத்திய ஆய்வு 2016ஆம் ஆண்டு வெளியாயிற்று. ஓராண்டு முடிவில் இரண்டும் ஏறத்தாழ ஒரே பயனைத் தந்தன. ஏழையின் உடம்புக்கும் நல்ல மருத்துவம் இயலும் என்று எண்ணி உழைத்த மருத்துவர்களை இவ்விடத்தில் நன்றியுடன் நினைக்கிறேன்.

அறுவை முடிந்தபின் கால்கள் சில மணி நேரம் மரத்தே இருக்கும், அஞ்ச வேண்டா. சிலர்க்குச் சிறுநீர் உடனே வாராது. செவிலியரிடம் சொல்ல வேண்டும். அன்று மாலையோ மறுநாளோ எழுந்து நடக்கச் செய்வர். நடப்பது நல்லது, படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் உறையலாம். இருமும்போதும் தும்மும்போதும் தையலின் மேல் கையையோ சிறு தலையணையையோ வைத்து மெல்ல அழுத்திக்கொள்ள வேண்டும். முதல் மூன்று நான்கு நாள் வலி மிகும். கொடுத்த மாத்திரையை நேரம் தவறாது உட்கொண்டால் தாங்கலாம். விரைப்பையிலும் தோலிலும் வீக்கமும் கருநீல நிறமும் தோன்றி இரண்டு மூன்று வாரத்தில் மறையும். தையலின் கீழே கயிறு போன்ற தடிப்பு சில காலம் இருக்கும். நோய் திரும்பிவிட்டதென்று கலங்க வேண்டா. அவ்விடத்தில் உணர்ச்சி குறைந்து மரத்திருப்பதும் உண்டு. ஒரு சிலர்க்கு மாதக்கணக்கில் வலி நீடிப்பதுண்டு. அவர்கள் மருத்துவரிடம் மீண்டும் காட்ட வேண்டும்.

கீரை, பழம், போதிய நீர் ஆகியவற்றால் மலச்சிக்கலைத் தவிர்க்க வேண்டும். தையலைப் பொதுவாக ஏழு முதல் பத்து நாட்களில் பிரிப்பர். அதுவரை ஈரம் படாமல் காக்க வேண்டும். காய்ச்சல், சீழ், குருதிக் கசிவு, பெருகும் வீக்கம், கெண்டைக்கால் வலி, நில்லாத வாந்தி இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஆண்மை போய்விடும் என்னும் அச்சம் நம் இளைஞர்களிடையே உள்ளது. அது பிழையான அச்சம். இல்லற வாழ்வை வலி நீங்கியபின் சில வாரங்களில் வழக்கம்போல் தொடரலாம்.

சிறு வேலைகளை ஓரிரு வாரத்தில் தொடங்கலாம். மூட்டை தூக்குதல், மண் வெட்டுதல், நீர்க்குடம் சுமத்தல் போன்ற கடும் உழைப்புக்கு ஆறு வார அளவிலாவது ஓய்வு வேண்டும் என்று எனக்குச் சொன்னார்கள். நம் மக்களின் துன்பம் இங்கேதான் தொடங்குகிறது.

எனக்கு அறுவை நடந்த அதே மருத்துவமனையில், அதற்கு மூன்றாண்டு முன்னர், என் பெரியப்பா மகனான அண்ணனுக்கும் இதே அறுவை நடந்தது. அவர் நெல் மண்டியில் சுமை தூக்குபவர். இருவர்க்கும் ஒரே நோய். ஒரே வகை வலை. இருவரும் ஒரு ரூபாய் கட்டணம் செலுத்தவில்லை. நான் முழுச் சம்பளத்துடன் மருத்துவ விடுப்பில் வீட்டில் இருந்தேன். நாளேடு படித்தேன், மாலையில் நடந்தேன். என் அண்ணன் பன்னிரண்டாம் நாள் மண்டிக்குச் சென்றார். வீட்டில் அரிசி இல்லை. வட்டிக்காரர் வாசலில் நின்றார். வியர்வையும் தவிட்டுத் தூசியும் பட்டுப் புண் சீழ்பிடித்தது. மீண்டும் மூன்று வாரம் படுக்கை. ஓராண்டுக்குள் வீக்கமும் திரும்பிற்று. சுமை தூக்கியதே காரணமா, பீடியால் வந்த இருமலும் சேர்ந்ததா என்று மருத்துவர் உறுதியாகக் கூறவில்லை. ஆனால் ஆறு வாரம் அவர் ஓய்ந்திருக்க முடியாமற் போனது மட்டும் உறுதி. அவர் அறியாதவர் அல்லர். ஓய்வெடுக்கச் சொன்னதை என்னைக் காட்டிலும் நன்றாக நினைவில் வைத்திருந்தார். அறுவைக்கு விலை இல்லை, தம்பி. ஓய்வுக்குத்தான் விலை என்றார் என்னிடம்.

அவையோரே! அரசு மருத்துவமனையில் அறுவை கட்டணமின்றி நடைபெறுகிறது. 2009இல் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்னும் பெயரில் நடந்துவரும் திட்டமும் இருக்கிறது. குடும்ப அட்டையுடன் சென்று காப்பீட்டுப் பிரிவில் கேட்டால் வழி சொல்வர். இவற்றைப் பெற நம் இளைஞர்கள் முதியோரை அழைத்துச் செல்ல வேண்டும். ஆனால் அந்த ஆறு வாரத்துக் கஞ்சிக்கு வழி என்ன? அதனை நாமே காண வேண்டும்.

ஆதலின் இவ்வெள்ளி விழாவில் ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். நம் சங்கம் ‘ஓய்வு நிதி’ ஒன்றைத் தொடங்க வேண்டும். 200 குடும்பங்கள் மாதம் 20 ரூபாய் கொடுத்தால் மாதம் 4,000 ரூபாய். ஆண்டுக்கு 48,000 ரூபாய். அறுவை செய்துகொண்ட கூலித் தொழிலாளியின் குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் வீதம் 42 நாள் கொடுத்தால் 8,400 ரூபாய். ஆண்டுக்கு ஐந்து குடும்பங்களை நாம் தாங்கலாம். பெண்களின் கருப்பை அறுவைக்கும் பிற அறுவைகளுக்கும் இதனை விரிவாக்கலாம். இதனைக் கடனாகக் கொடுக்கக் கூடாது. ஈகை என்றும் எண்ணக் கூடாது. சம்பளக்காரனுக்கு அரசு தரும் விடுப்பைக் கூலிக்காரனுக்கு நாம் தருகிறோம், அவ்வளவே. என் பங்காக முதல் 10,000 ரூபாயை இன்று பொருளாளரிடம் ஒப்படைக்கிறேன்.

அண்ணல் அம்பேத்கர் 1927இல் மகாடு நகரில் பொதுக்குளத்து நீரை அள்ளிப் பருகியது, நாமும் மனிதர் என்பதை நிலைநாட்டவே. அவ்வுணர்வோடு மருத்துவமனைக்குள் செல்லுங்கள். வெட்கமின்றி நோயைச் சொல்லுங்கள்; தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்; ஐயத்தைக் கேளுங்கள். மாணவச் செல்வங்களே, இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும் உங்கள் தந்தையாரிடமும் பாட்டனாரிடமும் ஒன்று கேளுங்கள்: “உங்கள் உடம்பில் எங்களுக்குச் சொல்லாமல் வைத்திருக்கும் வலி ஏதேனும் உண்டா?” நான் என் தந்தையாரிடம் கேட்கத் தவறிய கேள்வி அது.